எது அதிர்கிறது? உப்பு, பாட்டில், பிவிசி குழாய் வைத்து ஓர் ஒலி வகுப்பு

எட்டு பிவிசி குழாய்களும் ஒருவழியாகச் சுருதி சேர்ந்துவிட்டன. உள்ளங்கையில் ஒவ்வொன்றாகத் தட்டினால் ச-வில் தொடங்கி மேல் ச வரை ஒழுங்காக ஏறுகிறது. முதல் குழாயின் ஒரு முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க், விநாடிக்கு 256 முறை அதிர்வது) மறுமுனையருகே பிடித்தால் குழாய் பதிலுக்கு முழங்குகிறது. இதே குழாய்கள் முதலில் வெட்டியபோது பார்க்க அழகாகவும் கேட்க அபஸ்வரமாகவும் இருந்தன. எல்லாக் குழாயிலும், நீளம் எதுவானாலும் சரி, ஒரே அளவாக 8 மி.மீ. குறைத்ததும் சரியாகிவிட்டது. அது ஏன் என்று 11, 12 வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கண்டுபிடித்ததுதான் இந்தப் பாடத்திலேயே உருப்படியான பகுதி. ஆனால் அந்த இடத்துக்கு நேராகப் போக முடியாது. அதற்கு முன்னால் செய்தவை, பின்னால் செய்தவை எல்லாவற்றையும் வரிசையாக, அளவுகளோடு எழுதுகிறேன்.

எல்லாச் செய்முறைக்கும் பொதுவாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: "இப்போ எது அதிருது?" பதிலை வாயால் சொன்னால் போதாது, தொட்டுக் காட்ட வேண்டும். தொண்டை என்றால் தொண்டையில் கை வைக்க வேண்டும். "காற்று" என்று சொன்னால் எங்கே இருக்கிற காற்று என்று விரலால் காட்ட வேண்டும். இன்னொன்று, 'அலை' என்ற பேச்சையே முதல் சில வகுப்புகளில் எடுக்கவில்லை. கரும்பலகையில் நெளிநெளியாக ஒரு கோடு போட்டுவிட்டால், ஒலி காற்றில் அப்படித்தான் மேலும் கீழுமாக நெளிந்து போகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் அதை அழிப்பது பெரும்பாடு.

முதலில் உப்பு. சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, வாய்க்குப் பலூன் தோல், மேலே ஒரு சிட்டிகை உப்பு. டப்பாவின் அருகே கத்தினால் உப்பு குதிக்கும். எல்லாருக்கும் தெரிந்த செய்முறைதான். ஆனால் வகுப்பில் செய்தபோது முதல் நிமிடத்திலேயே சிக்கல் வந்தது. பிள்ளைகள் கத்தும்போது மூச்சும் சேர்ந்து வருகிறது, உப்பு பறந்துவிடுகிறது. "பாருங்க, சத்தம் பட்டு உப்பு ஓடிருச்சு" என்று ஒரு குழு கைதட்டியது. அவர்கள் சத்தம் போடாமல் வெறுமனே ஊதிப் பார்த்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். மூச்சும் ஒலியும் ஒன்றல்ல என்று காட்ட வந்த செய்முறை, இரண்டும் ஒன்று என்று காட்டிக்கொண்டிருந்தது.

அதனால் டப்பாவின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஒரு பிவிசி எல்போவைச் செருகினேன். ஓட்டை போட, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் வட்டமாகப் பல துளைகள் குத்தி, கத்தியால் இணைத்தேன் (இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு). எல்போவைச் சுற்றியிருந்த இடைவெளியைப் பிளாஸ்டிக் களிமண்ணால் அடைத்தேன். இப்போது பிள்ளைகள் எல்போ வழியாகப் பாடுகிறார்கள், உப்பு மேலே தனியாக இருக்கிறது. இதிலும் ஒரு குறை இருந்தது. மூச்சு உள்ளேயே அடைபட்டு பலூன் தோல் தொப்பை போட, உப்பு உருண்டு ஓரத்துக்குப் போய்விட்டது. டப்பாவின் அடிப்பக்கத்தில் 5 மி.மீ. அளவில் ஒரு துளை போட்டதும் மூச்சு வெளியேறியது, தோல் தட்டையாக நின்றது. வாய் வைக்கிற இடத்தில் ஆளுக்கொரு காகிதச் சுருள் செருகிக்கொள்ளச் சொன்னேன், எச்சில் பிரச்சினையும் தீர்ந்தது.

பலூன் தோலை இழுத்துக் கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. தொளதொளவென்று இருந்தால் உப்பு அசையாது. ரொம்ப விறைப்பாக இருந்தால் கீச்சுக் குரலுக்கு மட்டும்தான் அசையும். சுருக்கமே இல்லாமல், விரலால் தட்டினால் மத்தளம் மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும் அளவுக்கு இழுத்து, ரப்பர் பேண்டுக்கு மேல் டேப்பும் சுற்றினால் ஒரு வகுப்பு நேரம் தாங்கும். கறுப்பு அல்லது கருநீலப் பலூனாக இருந்தால் உப்பு நன்றாகத் தெரிகிறது. உப்பு நைசாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். நமத்த உப்பை வாணலியில் சற்றுச் சூடாக்கி ஆறவைத்துக்கொண்டேன்.

சுருதியை மெதுவாக ஏற்றிக்கொண்டே பாடினால் ஓரிடத்தில் உப்பு திடீரென்று வளையமாகவோ கோடாகவோ கூடி நிற்கும். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் அது கலைந்து வேறு கோலம் வரும். 1787-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாட்னி, மணல் தூவிய தகட்டின் விளிம்பை வயலின் வில்லால் இழுத்து வெளியிட்ட உருவங்களும் இந்த வகைதான். தகடு அதிராத இடங்களில் மணல் ஒதுங்கிக்கொள்கிறது. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. பிள்ளைகளிடம் "சத்தம் ஏறுது" என்றால் பலமாக ஆகிறதா, கீச்சென்று ஆகிறதா என்பதே குழப்பம். உப்பு அதைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. அதே சுருதியில் பலமாகப் பாடினால் உப்பு உயரமாகக் குதிக்கிறது, கோலம் மாறுவதில்லை. சுருதியை மாற்றினால் கோலம் மாறுகிறது. இதற்குப் பிறகு கைச்சாடை ஒன்று வைத்துக்கொண்டோம்: சுருதிக்குக் கையை உயர்த்துவது அல்லது தாழ்த்துவது, பலத்துக்கு இரு கைகளையும் விரிப்பது அல்லது குறுக்குவது. கடைசி வரை உதவியது.

இசைக்கவைக்கு அதிக நேரம் ஒதுக்கவில்லை. மேசை விளிம்பில் அடிக்கக் கூடாது, ரப்பர் அடைப்பானிலோ செருப்பின் குதிகாலிலோ தட்ட வேண்டும். விளிம்பில் அடித்தால் கூடவே ஒரு கிணுகிணுப்பும் வரும், நாளடைவில் கவையும் கெடும். தட்டிய கவையைத் தண்ணீரில் தொட்டால் தெறிக்கும், நூலில் தொங்கும் டேபிள் டென்னிஸ் பந்தைத் தொட்டால் பந்து எகிறிப் போகும். இவை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பிள்ளைகளை யோசிக்க வைத்தது கவையின் காம்பை மேசையில் ஊன்றியதுதான். சத்தம் சட்டென்று பெரிதாகிறது. "இப்போ எது அதிருது?" மேசையில் கன்னத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பிறகு இரண்டு முறையும் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மேசையில் ஊன்றியது சீக்கிரம் அடங்கிவிடுகிறது. பலமாகச் செலவழித்தால் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று அவர்களே சொன்னார்கள். ஆற்றல் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வரிசை. பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து, முழங்கையைச் சற்று மடக்கி நிற்க வேண்டும். கடைசி ஆள் மெல்ல ஒரு தள்ளு தள்ளினால் அது வரிசையின் முன் வரை போகும், யாரும் இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள். முழங்கையை விறைப்பாக நீட்டினால் வரிசையே சரியும், அதனால் மடக்குவது முக்கியம். அப்புறம் தரையில் நீளமான சுருள்வில். ஒரு சுற்றில் ரிப்பன் கட்டி, ஒரு முனையை முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளினால் நெருக்கம் ஓடுவது தெரியும், ரிப்பன் அங்கேயே முன்னும் பின்னும் ஆடி நிற்கும். இதைப் பார்த்த பிறகுதான் 'அலை' என்றேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வரிசையை நெருக்கமாக நிறுத்தி, "பாருங்கள், அடர்த்தி கூடினால் ஒலி வேகமாகப் போகும்" என்று சொல்லிக்கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. அது சரியில்லை. ஈயம் அலுமினியத்தைவிட 4 மடங்கு அடர்த்தியானது, ஆனால் ஒலி அலுமினியத்தில்தான் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. பொருள் எவ்வளவு விறைப்பு என்பதும் சேர்ந்துதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. முழங்கையை ரொம்ப மடக்கிய வரிசையில் தள்ளு மெதுவாகப் போவதையும், கொஞ்சமாக மடக்கிய வரிசையில் வேகமாகப் போவதையும் காட்டினால் போதும்.

நூல் தொலைபேசியில் செய்முறையைவிடச் சோதிக்கும் விதத்தில்தான் தடுமாற்றம். ஒரே அறையில் 8 மீட்டர் நூலை வைத்துப் பேசினால் காற்று வழியாகவே காதில் விழுந்துவிடும், நூல் ஏன் என்று ஆகிவிடும். தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் 15 மீட்டர் ஆக்கினோம். வார்த்தைகளைச் சொன்னால் பாதி கேட்டாலே மீதியை ஊகித்துவிடுகிறார்கள், அதனால் முன்னதாக எழுதி மடித்த எண் வரிசைகளை மெதுவான குரலில் வாசிக்க வைத்தேன். மறுமுனையில் எழுதிக்கொண்டு, 20 எண்ணில் எத்தனை சரி என்று ஒப்பிட்டார்கள். மீன்பிடி நரம்பும் மெல்லிய செம்புக் கம்பியும் நன்றாக வேலை செய்தன, தையல் நூல் சுமார், கம்பளி நூல் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் தேறவில்லை. எதுவானாலும் தொய்ந்தால் அவ்வளவுதான். நடுவில் ஒருவர் இரண்டு விரலால் நூலைப் பிடித்தாலும் பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் இதை வைத்துக்கொண்டே அரைமணி நேரம் குறும்பு செய்தார்கள், தடுக்கவில்லை.

கட்டும் விதம்: காகிதக் கப்பின் அடியில் ஊசியால் சின்னத் துளை, உள்ளே ஒரு சட்டைப் பொத்தானில் முடிச்சு. தீக்குச்சியில் கட்டினால் இழுப்பில் அடிப்பாகம் கிழிகிறது, பொத்தான் இழுப்பைப் பரப்பிவிடுகிறது. திருப்பத்தில் நூல் சுவரைத் தொட்டால் ஒலி அங்கேயே போய்விடும். அந்த இடத்தில் இன்னொரு நூலை வளையமாகத் தொங்கவிட்டு, அதன் வழியே கொண்டுபோனால் மூலை தாண்டியும் கேட்கிறது.

உறிஞ்சுகுழல் ஊதுகுழல் பற்றிச் சுருக்கமாக. காகித உறிஞ்சுகுழலின் ஒரு முனையை 2 செ.மீ. நீளத்துக்குத் தட்டையாக்கி, முனையை அம்புபோல் வெட்டி, உதட்டுக்கு உள்ளே தள்ளி ஊத வேண்டும். எச்சிலில் ஊறிப்போகாமல் இருக்க, வெட்டுவதற்கு முன் தட்டையான பகுதியின் இருபுறமும் செல்லோடேப் ஒட்டிவிடலாம். ஊதிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினால் சுருதி படிப்படியாக ஏறும். சிரிப்பு நிற்காது. வகுப்பு முடிய பத்து நிமிடம் இருக்கும்போது மட்டும் இதை எடுங்கள். அதற்குப் பிறகு வேறெந்தப் பாடமும் நடக்காது.

பாட்டிலுக்கு வருவோம். ஒரே மாதிரிக் கண்ணாடிப் பாட்டில்களில் வெவ்வேறு அளவு தண்ணீர். முதலில் ஒரு பென்சிலால் தட்டப் போகிறோம், தண்ணீர் கூடினால் சுருதி ஏறுமா இறங்குமா என்று கையை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டச் சொன்னேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தட்டினோம், இறங்கியது. அடுத்து வாய் மேல் ஊதப் போகிறோம், இப்போது? அதே பாட்டில், அதே தண்ணீர், அதனால் கிட்டத்தட்ட எல்லாரும் கையைத் தாழ்த்தினார்கள். ஊதினோம், ஏறியது. தாழ்ந்த கைகள் அப்படியே நின்றன, நான் ஏதோ பாட்டிலை மாற்றிவிட்டேன் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள்.

விளக்கம் சொல்லாமல் பழைய கேள்வியையே கேட்டேன். அதைச் சோதிக்க ஒரு வழியும் கொடுத்தேன்: பாட்டிலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு தட்டிப் பாருங்கள், பிறகு அதேபோல் பிடித்துக்கொண்டு ஊதிப் பாருங்கள். பிடித்துத் தட்டினால் 'டொக்' என்று செத்துப்போகிறது. பிடித்து ஊதினால் எந்த மாற்றமும் இல்லை. அப்படியென்றால் தட்டும்போது அதிர்வது கண்ணாடி. அதில் தண்ணீர் ஏற ஏற, சுமை கூடி மெதுவாக அதிர்கிறது. ஊதும்போது அதிர்வது மேலே உள்ள காற்று. தண்ணீர் ஏற ஏற அதற்கு இடம் குறைகிறது. இந்த முடிவுக்கு ஒரு மாணவி வந்து சேர்ந்த விதம் ரொம்ப எளிமை: "கையில பிடிக்க முடிஞ்சது கண்ணாடி, பிடிக்க முடியாதது காத்து." ஒலிப் பாடத்துக்கு ஒரே ஒரு வகுப்புதான் கிடைக்கும் என்றால் நான் இந்தப் பாட்டில் செய்முறையைத்தான் எடுப்பேன்.

இந்த உற்சாகத்தில் ஊதும் பாட்டில்களைக் கணக்குப் போட்டுச் சுருதி சேர்க்கலாம் என்று இறங்கினேன். ஒரு முனை மூடிய குழாய்க்கு அதிர்வெண் என்பது ஒலியின் வேகத்தைக் காற்றுப் பத்தியின் (உள்ளே நிற்கும் காற்றின்) நீளத்தைப்போல் நான்கு மடங்கால் வகுத்தது. வகுப்பறை வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ். வேகம் 0 டிகிரியில் விநாடிக்கு 331 மீட்டர், டிகிரிக்கு 0.6 வீதம் கூடும், அதாவது 348. 30 செ.மீ. உயரமுள்ள காலி 750 மில்லி பாட்டிலுக்கு 290 ஹெர்ட்ஸ் வர வேண்டும். கைபேசிச் செயலி காட்டியது சுமார் 115. நான் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்துகிறேன், ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. செயலி சரிதான், பாட்டில்தான் குழாய் இல்லை. கழுத்துள்ள பாட்டிலில் கழுத்துக் காற்று ஒரு கட்டியாக மேலும் கீழும் ஆட, வயிற்றுக் காற்று அதற்கு வில் மாதிரி இருக்கிறது. ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் வழங்கும் கணக்கு அது, கொள்ளளவும் கழுத்தின் அளவும் வேண்டும். பிள்ளைகளுக்கு அது எட்டாது. கழுத்தே இல்லாத ஒன்று வேண்டும் என்று பிவிசி குழாய்க்கு வந்தேன்.

குழாயின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்தேன், 28 மி.மீ. குழாயை உள்ளங்கையில் தட்டினால் அந்த முனை மூடி, மறுமுனை திறந்திருக்கும், அதே நான்கு மடங்குக் கணக்கு. ச-வுக்கு 256 ஹெர்ட்ஸ் வைத்தேன், கையில் இருக்கும் இசைக்கவை அது என்பதால். மற்றவற்றுக்கு 9/8, 5/4, 4/3, 3/2, 5/3, 15/8, 2 என்ற விகிதங்கள். வெட்டிய நீளங்கள் மில்லிமீட்டரில் 340, 302, 272, 255, 227, 204, 181, 170. கூட்டினால் 1951, ரம்பம் தின்பது போக 2 மீட்டர் குழாயில் அடங்கிவிடுகிறது.

வெட்டுவதில் ஒரு சின்ன உத்தி. ஆக்சா பிளேடு கோணலாக ஓடாமல் இருக்க, நேரான விளிம்புள்ள காகிதத்தைக் குழாயைச் சுற்றி, விளிம்பும் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி இழுத்து, அதை ஒட்டி மார்க்கரால் வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து அறுத்துத் தள்ளாமல் குழாயைச் சுழற்றிச் சுழற்றி அறுத்தால் வெட்டு நேராக வரும். பிறகு உப்புத்தாளைத் தரையில் விரித்து, குழாயை அதன்மேல் நிறுத்தி வட்டமாகத் தேய்த்தால் விளிம்பு சமமாகும். உள்விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தி முனையால் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தட்டும் உள்ளங்கை சிவந்துவிடும்.

தட்டிப் பார்த்தால், பாட்டு வரவில்லை. முதல் குழாய் 250-க்கு அருகில், கடைசிக் குழாய் 488 சொச்சம். 256-க்குப் பதில் 250 என்றால் பரவாயில்லை, எல்லாமே அதே விகிதத்தில் குறைந்திருந்தால் ராகம் கெடாது, மொத்தமாகக் கீழே இறங்கியிருக்கும். ஆனால் 512-க்குப் பதில் 488 என்பது அதைப்போல் இரண்டு மடங்கு பிழை. குட்டைக் குழாய்களில்தான் அபஸ்வரம் அதிகம். முதலில் என் அளவுகோலைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் வெப்பநிலையைப் பார்த்தேன். வெப்பநிலைத் தவறு என்றால் எட்டும் ஒரே விகிதத்தில் மாறியிருக்கும், அதனால் அது இல்லை.

இதை அப்படியே வகுப்பில் வைத்தேன். எட்டுக் குழாய்களின் நீளம், வரவேண்டிய எண், வந்த எண் மூன்றையும் பலகையில் எழுதி, வந்த எண்ணிலிருந்து திருப்பிக் கணக்குப் போட்டு, "குழாய் தன்னை எவ்வளவு நீளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது?" என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். முதல் குழாய் 348 என்றது, கடைசிக் குழாய் 178 என்றது. ஒவ்வொன்றும் உள்ளதைவிட 8 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் கூடுதல், எல்லாவற்றிலும். "எட்டு எட்டா வருது" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. அந்த எட்டு எங்கே இருக்கிறது? குழாயில் இல்லை என்றால் குழாய்க்கு வெளியில். திறந்த வாய்க்கு மேலே இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்கிறது. பாடநூல்களில் முனைத்திருத்தம் என்று வரும், உள் ஆரத்தில் 0.6 பங்கு, 14 மி.மீ. ஆரத்துக்கு 8.4. நீளக் குழாயில் 8 மி.மீ. கண்ணுக்கே தெரியாது, குட்டைக் குழாயில் அது பெரிய பங்கு. பின்னப் பாடத்தை இவ்வளவு எளிதாக வேறெங்கும் நடத்தியதில்லை.

சரிசெய்வது சுலபம், ஒவ்வொன்றிலும் 8 மி.மீ. குறைக்க வேண்டும். நேராக எட்டும் அறுக்கவில்லை, 6 அறுத்துவிட்டு மீதியை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, செயலியில் பார்த்துக்கொண்டே நெருங்கினோம். ஒரேயடியாக அறுத்துக் குட்டையாகிவிட்டால் ஒட்ட முடியாது. முடிவில் வந்த நீளங்கள் 331, 294, 264, 247, 218, 196, 173, 162. சரிபார்க்கும்போது வாயருகே ஊதிப் பார்க்காதீர்கள், உதடு வாயை ஓரளவு மறைப்பதால் சுருதி இறங்கிக் காட்டும். கைபேசியைத் திறந்த முனைக்கு அருகில் வைத்துத் தட்டி, செயலியின் அதிர்வெண் வரைபடத்தில் முதல் உச்சியைப் படிக்க வேண்டும். தட்டியவுடன் கையை எடுத்துவிட்டால் இருபுறமும் திறந்துகொண்டு ஏறக்குறைய இரண்டு மடங்குச் சுருதியும் கேட்கும், அதனால் தட்டிய கையை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஒரு பையன் கேட்டது: மேல் ச என்றால் பாதி நீளம்தானே, 331-இல் பாதி 165 அல்லவா, ஏன் 162? இன்னொரு பிள்ளை பலகைக்கு வந்து, வெளியில் இருக்கும் எட்டைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 340, அதில் பாதி 170, அதிலிருந்து எட்டைக் கழித்தால் 162 என்று போட்டுக் காட்டியது.

இதற்குப் பிறகு ஒலியின் வேகத்தைப் பிள்ளைகளே அளக்க இரண்டு வழிகள் பார்த்தோம். ஒன்று எதிரொலி. பெரிய வெறும் சுவரிலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்ட வேண்டும். கைதட்டல் அவ்வளவு தெளிவாகத் திரும்பவில்லை. எதிரொலி வரும்போதே தட்டுவது மிக வேகம், பிள்ளைகளால் முடியவில்லை. அதனால் இரண்டு தட்டுகளுக்குச் சரிநடுவில் எதிரொலி விழும்படி தாளத்தைப் பிடிக்கச் சொன்னோம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் ஒலி 200 மீட்டர் போகிற நேரம். பத்து இடைவெளிக்கு 5.75 விநாடி வந்தால் வேகம் 348. முதல் குழுவுக்கு 386 வந்தது. எண்ணும்போது முதல் தட்டையே 'ஒன்று' என்று தொடங்கியிருக்கிறார்கள், பத்துத் தட்டுக்கு ஒன்பது இடைவெளிதான். முதல் தட்டுக்குப் 'பூஜ்ஜியம்' என்று எல்லாரும் சேர்ந்து கத்த வைத்ததும் சரியாகிவிட்டது. ஸ்டாப்வாட்ச் 0.2 விநாடி தவறினாலே வேகம் 12 மீட்டர் போல மாறிவிடும், அதனால் நான்கைந்து பேர் எடுத்த நேரங்களின் சராசரிதான் நம்பத்தக்கது.

இரண்டாவது, தண்ணீர்க் குழாய். 75 மி.மீ. குழாய் 65 செ.மீ. நீளம், அடியில் மூடி. மூடியை வெறுமனே அழுத்தி வைத்தால் கசியும். சால்வென்ட் பசை பூசி ஓர் இரவு உலர விட வேண்டும். அதில் தண்ணீர் நிரப்பி, 28 மி.மீ. குழாயை உள்ளே இறக்கி, மேல் வாயருகே 512 இசைக்கவையைப் பிடித்துக்கொண்டு குழாயை மெல்லத் தூக்கினால், காற்றுப் பத்தி 16 செ.மீ. ஆகும்போது ஒருமுறை முழங்கும், 50 செ.மீ. ஆகும்போது இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரட்டித்து 512-ஆல் பெருக்கினால் வேகம். கழிக்கும்போது அந்த எட்டு மில்லிமீட்டரும் காணாமல் போய்விடும் என்பது இதில் உள்ள வசதி. பிள்ளைகளுக்கு 33.5 முதல் 34.5 செ.மீ. வரை வந்தது, அதாவது 343 முதல் 353. தண்ணீர் வழியும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். குழாயைத் தூக்க ஒருவர், கவை பிடிக்க ஒருவர், மேல் வாயருகே காதை வைத்துக் கேட்க ஒருவர், அளக்க ஒருவர் என நால்வர் வேண்டும். கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டால் முடிவு இன்னும் நெருக்கமாக வருகிறது.

செலவு என்று பார்த்தால் இசைக்கவைதான் அதிகம். குழாய், எல்போ, பலூன் எல்லாம் சில்லறைச் சாமான், பாட்டிலும் டப்பாவும் வீட்டிலிருந்தே வந்துவிடும். கைபேசியிலேயே எந்த அதிர்வெண்ணிலும் ஒலி எழுப்ப முடியும் என்பதால் கவையே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைபேசி ஒலிபெருக்கியைத் தொட்டு "எது அதிருது" என்று காட்ட முடியாது. ஆனால் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் கைபேசி நல்லது, கவை அடங்குவதற்குள் அளக்க வேண்டிய அவசரம் இருக்காது.

அடுத்த முறை மாற்றப்போவது சில. எல்லாக் குழாய்களையும் கணக்கைவிட 10 மி.மீ. நீளமாக வெட்டி, தேய்த்துத் தேய்த்து நெருங்கும் வேலையை முழுக்கப் பிள்ளைகளிடமே விட வேண்டும். குழாய் மேல் நீளத்தையும் ஹெர்ட்ஸையும் அழியாத மார்க்கரால் எழுத வேண்டும், இந்த முறை த-வும் நி-யும் அடிக்கடி இடம் மாறின. உப்பு டப்பாவை எல்போவோடு குழுவுக்கு ஒன்று செய்துவைக்க வேண்டும், ஒன்றே ஒன்றுக்கு வரிசையில் நிற்பதில் பாதி நேரம் போகிறது. இன்னொரு செட் குழாய் 50 மி.மீ. உள்விட்டத்தில் செய்வதாக இருக்கிறது. அதில் எட்டு செல்லாது. எவ்வளவு கழிக்க வேண்டும் என்று வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு குழுவும் ஓர் எண்ணை எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும், ரம்பம் அதற்குப் பிறகுதான்.